ஓசி கார்டு

இந்தியாவுக்கு ஆட எனக்குத் தகுதி இல்லை என்று சொன்ன மனிதர் அப்போது தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜூனியர் பெண்கள் ஹாக்கி அணிக்கான தேர்வு முகாம் அது. நடந்தது வெளிமாநிலத்தில் என்றாலும் அந்த ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தவர் நம் பக்கத்து ஆள்தான், தமிழில்தான் பேசினார். மேஜையின் ஒரு பக்கம் டிபன் பாக்ஸ், மறு பக்கம் எங்கள் பாஸ்போர்ட்டுகள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வேண்டியிருக்கும் என்று முகாமுக்கு வந்த எல்லாப் பெண்களிடமும் வாங்கி அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தனையும் கருநீலம். என்னுடையது ஒன்று மட்டும் சிவப்பு.

"என்னம்மா இது, மலேசியாவா?" என்றார்.

"ஆமாங்க சார். ஆனா ஓசிஐ கார்டு இருக்குங்க." பையிலிருந்து அதையும் எடுத்து நீட்டினேன்.

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "ஓசி கார்டை வச்சுக்கிட்டு இந்தியாவுக்கு ஆட முடியாதும்மா. இந்தியப் பாஸ்போர்ட் வேணும். ஊருக்குக் கெளம்பு."

பக்கத்தில் நின்ற இருவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அடுத்த வாய்க்குப் போய்விட்டார். எனக்குப் பதினெட்டு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை என் வாழ்க்கையில் நடந்த நல்லது எல்லாம் ஹாக்கியால்தான் நடந்தது, அதை இவர் சாப்பாட்டு நேரத்தில் முடித்து வைத்துவிட்டார். அந்த டிபன் பாக்ஸைத் தட்டிவிடவேண்டும் என்று கை பரபரத்தது. தட்டிவிடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓசி என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓசி டீ, ஓசி பேப்பர், ஓசிச் சாப்பாடு. தன் கையிலிருந்து எதுவும் கொடுக்காமல் அடுத்தவனிடம் வாங்கிக்கொள்வது. எனக்குத் தந்திருந்த அட்டையின் முழுப்பெயர் என்னவோ கம்பீரமானதுதான். இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகள் என்று அர்த்தம் வரும். பெயரில் குடிமகள் இருக்கிறாள், கையில் குடியுரிமை இல்லை. ஓட்டுப் போட முடியாது. அரியலூர் டவுனில் வீடு வாங்கலாம், செந்துறையில் எங்கள் முந்திரிக்காட்டுக்குப் பக்கத்துக் கொல்லையை விலைக்கு வாங்க முடியாது. நாட்டுக்காக மட்டையைத் தூக்க முடியாது. வெளிநாட்டில் யாரோ ஒருவர் பெரிய பதவிக்கு வந்துவிட்டால் அவருடைய பூட்டன் பிறந்த ஊரைத் தேடிப்பிடித்துப் பட்டாசு வெடிக்கிறார்கள், பிளெக்ஸ் வைக்கிறார்கள். அவருக்கு இந்த மண்ணோடு இருக்கும் தொடர்பு அந்தப் பட்டாசுச் சத்தம் மட்டும்தான். நான் இந்த மண்ணில் முட்டி தேய்ந்து வளர்ந்தவள். எனக்கு ஓசி கார்டு.

நான் பிறந்தது மலேசியாவில், ஈப்போவில். அம்மாவின் கொள்ளுத்தாத்தா ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டாலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் நிற்கவில்லை. அப்படித்தான் என் அம்மா, அப்பாவுக்குத் தூரத்து அத்தை மகள், செந்துறைக்கு மருமகளாக வந்தாள். வந்த வருஷமே உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. அதன்படி அவளை ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைப் பெற்றாள்.

கைக்குழந்தையோடு திரும்பி வர எனக்கு ஒரு பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அப்பா வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றிருக்கிறார்கள். அப்பாவுக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை, அப்போது லீவு கிடைக்கவில்லை. மலேசியப் பாஸ்போர்ட் என்றால் அம்மாவின் பிறப்புச் சான்றே போதும். மாமா ஒரே நடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் மாமாவின் சாமர்த்தியத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருஷத்துக்குள் இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெரும் தொல்லை என்பது செந்துறையில் யாருக்குத் தெரியும்? பெயர் வைத்தாயிற்றா, தலைமுடி எடுத்தாயிற்றா, காது குத்தியாயிற்றா என்று எல்லாவற்றையும் நாள் பார்த்துச் செய்தவர்கள் இந்த ஒன்றை விட்டுவிட்டார்கள்.

எனக்கு அடுத்து ஒரு தம்பி. இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டு முறை கிடையாது. ஆகவே அவன் அரியலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தான், பிறந்த நிமிஷமே இந்தியன். ஹாக்கி மட்டையை அவன் வாழ்க்கையில் ஒரே தடவைதான் கையில் எடுத்தான், அதுவும் மாட்டுக்கொட்டகைக்குள் வந்த சாரைப்பாம்பை விரட்ட. இப்போது என்ஜினீயரிங் படித்துக்கொண்டே கனடாவுக்குப் போக இங்கிலீஷ் கோச்சிங் போகிறான். போனால் அங்கேயே செட்டிலாகி அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிடுவானாம். சட்டப்படி அவன் இந்தியாவுக்கு ஹாக்கி ஆடலாம். நான் ஆடக்கூடாது.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் வேறு பக்கம்.

ஹாக்கிக்கு நான் வந்தது ஒன்றும் பெரிய கதை இல்லை. அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஹாக்கி என்பது புதுசான சமாசாரம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஓடவிட்டுப் பார்த்தார், வேகமாக ஓடியவர்கள் கையில் மட்டையைக் கொடுத்தார். எட்டாவது முடித்ததும் அரியலூரில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. சனி ஞாயிறு லீவு கிடைத்தால் செந்துறை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வருவேன். பஸ்ஸில் மட்டையை வைக்க இடம் இருக்காது, கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் "ஏம்மா, யார அடிக்கப் போற?" என்று கேட்பார்.

எனக்குக் கைவந்தது பெனால்டி கார்னர். எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் தப்புச் செய்தால் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. ஒருத்தி கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவாள், இன்னொருத்தி வட்டத்தின் விளிம்பில் அதை நிறுத்துவாள், மூன்றாமவள் மட்டையால் பந்தை இழுத்து, உடம்பை முறுக்கி, கோலுக்குள் வீசுவாள். அந்த மூன்றாமவள் நான். இழுத்து வீசுவது பெண்களில் நிறையப் பேருக்கு வராது. இடுப்பு போய்விடும் என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. விடுதி மைதானத்தில் சுண்ணாம்புப் புழுதி பறக்க, சுவரில் கரியால் சதுரம் வரைந்து வீசிக்கொண்டே இருப்பேன். மாநிலப் போட்டிகளில் பெனால்டி கார்னர் கிடைத்தால் எங்கள் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி யாராவது நம்மைத் திரும்பிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

அதுவரை என்னை யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆதார் இருந்தது, பள்ளிச் சான்றிதழ் இருந்தது, வீட்டு ரேஷன் கார்டில் பெயர் இருந்தது. "எந்த ஊரும்மா?" என்பார்கள். "செந்துறைங்க," என்பேன். அதோடு முடிந்துவிடும். முகாமுக்குக் கூப்பிட்டபோதுதான் முதல் தடவையாக நாடு என்ற கேள்வி வந்தது. ஊரைக் கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. நாட்டைக் கேட்டால் அம்மாவின் பிரசவத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முகாமிலிருந்து திரும்பி வந்து முதலில் அம்மாவிடம்தான் பாய்ந்தேன். அவள் மலேசியாப் பழக்கம் மாறாமல் "பசியாறிட்டியா?" என்று கேட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு உன்ன அங்க போயி பெத்துக்கச் சொன்னா?" என்று கத்தினேன். "ஒலகத்துல இல்லாத அம்மா வூடு. இங்க ஆஸ்பத்திரியே இல்லயா?"

அவள் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். கூடத்தில் பெரியப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் அண்ணன். எங்கள் வீட்டில் எல்லா முடிவும் அவருடையது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அதுக்கு என்ன பண்றது, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார். நான் மட்டையை மூலையில் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா அலைந்தார். பாவம், ஷிப்ட் முடித்து வந்த முகத்தைக் கழுவாமல்கூட பஸ் ஏறுவார். இங்கே கலெக்டர் ஆபீஸில் விசாரித்தார். அதில் ஒரு மர்மமும் இல்லை. இந்தியக் குடியுரிமை தரலாம், ஆனால் மலேசியக் குடியுரிமையை விட்டுவிட்டு வரவேண்டும், இரண்டு நாட்டையும் ஒரே ஆள் வைத்துக்கொள்ள இங்கே இடமில்லை. சரி, விட்டுவிடலாம் என்று சென்னைக்குப் போய் மலேசிய அலுவலகத்தில் கேட்டார். தாராளமாக விடலாம், ஆனால் இருபத்தொரு வயது ஆகவேண்டும் என்றார்கள். ஜூனியர் அணி என்பதே இருபத்தொன்றுக்கு உட்பட்டவர்களுக்கு. அதாவது, ஜூனியர் அணியில் ஆடும் வயது முழுக்க நான் ஆடக்கூடாது, அந்த வயது தாண்டியதும் ஆடுவதற்கான காகிதத்துக்கு மனுப் போடலாம். இதை யோசித்து எழுதியவர்கள் யாரும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். இவர்கள் சட்டம் இவர்களுக்குச் சரி, அவர்கள் சட்டம் அவர்களுக்குச் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் ஒருத்தி நசுங்குவது மட்டும் யாருடைய கணக்கிலும் வராது.

டிவியில் பெரிய போட்டிகளைப் பார்க்கிறேன். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் வளர்ந்து, தாத்தா வழியில் கிடைத்த பாஸ்போர்ட்டில் மூன்றாவது நாட்டுக்கு ஆடுகிறார்கள். முதலில் ஒரு நாட்டுக்கு ஆடியவர்கூட, நடுவில் காத்திருக்க வேண்டியதைக் காத்திருந்துவிட்டு, இன்னொரு நாட்டுக்கு மாறி ஆடலாம். கமெண்டரி சொல்பவர் அதை ருசித்து ருசித்துச் சொல்கிறார். நான் எந்த நாட்டுக்கும் மாறவேண்டும் என்று கேட்கவில்லை. இருக்கிற இடத்தில் இருப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டேன்.

அப்பா சென்னையிலிருந்து இன்னொரு தகவலும் கொண்டுவந்தார். இருபத்தொன்று ஆகாவிட்டாலும் கல்யாணமான பெண்ணாக இருந்தால் குடியுரிமையை விட்டுக்கொடுக்கலாமாம். அவர்கள் சட்டத்தில் அப்படி இருக்கிறதாம். அப்பா அதை ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னார், சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவுதானே? கல்யாணத்தப் பண்ணி வச்சுட்டா முடிஞ்சுது," என்றார். "பதினெட்டு ஆயிடுச்சுல்ல. மறுநாளே அந்தப் பாஸ்போர்ட்ட அவங்ககிட்டயே தூக்கிக் குடுத்துடலாம்."

"கல்யாணம் ஆனா எவன் பெரியப்பா ஆட விடுவான்?"

"அதெல்லாம் ஆட விடுற எடமா பாத்துக்கலாம் புள்ள. ஒனக்காகத்தானே சொல்றேன்."

ஹாக்கி ஆடுவதற்காகக் கல்யாணம். இதை விடுதியில் சொன்னபோது என்னோடு ஆடிய பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஓசிக்குக் கல்யாணம்டி, ஓசிச் சாப்பாடு உண்டா?" என்றாள் ஒருத்தி. முகாமில் நடந்தது தெரிந்ததிலிருந்து எனக்கு அங்கே அதுதான் பெயர். பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த ஊறுகாய் ஞாபகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது. பயிற்சி முடிந்த கையோடு ட்ராக் பேண்ட், ஷூவோடு பஸ் ஏறி வந்தேன். வாசலில் கார் நின்றது. உள்ளே பெரியம்மா பட்டுப்புடவையில் ஜம்மென்று நடமாடிக்கொண்டிருந்தார். கூடத்தில் பூலாம்பாடியிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவின் தம்பி, அவர் மனைவி, அவர்கள் மகன். அவனுக்கு அங்கே செல்போன் கடை. பூலாம்பாடியில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். இவனுக்குத்தான் இன்னும் யாரும் வழி காட்டவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

என்னை உட்காரவைத்தார்கள். சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள், முடியாது என்றேன். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் படிப்பைக் கேட்கவில்லை. ஆட்டத்தைக் கேட்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்து, "பாஸ்போர்ட்டு செவப்புதானே? இன்னும் கையில இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு, இருக்கு," என்றார் பெரியப்பா.

"அத மட்டும் விட்டுடாதீங்க. கல்யாணம் ஆனதும் பொண்ணு அங்க போயி எம்மவனக் கூப்பிட்டுக்கிட்டா, அவனும் பொழச்சுக்குவான்."

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் கேசரித் தட்டைப் பார்த்தார். எங்களிடம், மலேசியாவை விடுவதற்காகக் கல்யாணம். அவர்களிடம், மலேசியாவைப் பிடிப்பதற்காகக் கல்யாணம். என்னை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பேசி முடித்திருக்கிறார். நடுவில் ஹாக்கி என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.  மட்டை வேறு கைக்கு எட்டும் தூரத்தில் சாய்த்து வைத்திருந்தது.

அப்போது அம்மா டீத்தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெரியப்பா முன்னால் உட்கார்ந்தோ சத்தமாகவோ அவள் பேசி நான் பார்த்ததில்லை. ஊரில் அவளுக்கு மலேசியாக்காரம்மா என்று பெயர், ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் கோடாலித் தைலமும் மைலோவும் கொண்டுவந்து கொடுத்தே அந்தப் பெயரோடு சமாதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"பெரிய மாமா, அந்தப் பாஸ்போர்ட்டு எப்படி வந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க," என்றாள் பெரியப்பாவிடம்.

"இப்ப எதுக்கும்மா அது?"

"அப்ப நானே சொல்றேன்." குரலை உயர்த்தவே இல்லை. "நான் இங்கயே பெத்துக்கறேன்னுதான் சொன்னேன். அரியலூர்ல ஆஸ்பத்திரி இருக்கு, வயித்தத் தூக்கிக்கிட்டு எதுக்குப் பிளேன்ல போவணும்னு கேட்டேன். தலைப்பிரசவம் தாய்வூட்டுச் செலவு, அதான் முறைன்னீங்க. டிக்கெட்டக்கூட எங்கம்மாவத்தான் எடுக்கச் சொன்னீங்க. ஓசியில பெத்துக்கிட்டு வான்னு அனுப்புனீங்க. எம்பொண்ணுக்கு ஓசி கார்டு கெடச்சுது. இப்ப அதே பொண்ண வச்சு ஓசியில ஒரு பையனப் பிளேன் ஏத்தப் பாக்குறீங்க."

யாரும் டீயை எடுக்கவில்லை. அப்பா எழுந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.  பூலாம்பாடிக்காரர்கள் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினார்கள். பெரியப்பா வாசல்வரை போய்விட்டு வந்து, "சபையில வச்சு மானத்த வாங்கிட்டா," என்று பொதுவாகச் சொன்னார்.

முறை முறை என்று ஊரே சொல்லும் அந்த வார்த்தையை அதுவரை நான் வேறு மாதிரி புரிந்துவைத்திருந்தேன். தாய்வீட்டில் மகளைத் தாங்குவார்கள், அதற்காகத்தான் அனுப்புகிறார்கள் என்று. எத்தனையோ வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், ஆஸ்பத்திரிச் செலவு நம் தலையில் விழக்கூடாது. அதற்காக ஒரு பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். அங்கே நான் பிறந்தேன், இந்தியாவுக்கு ஆடும் தகுதி போயிற்று. அம்மாவிடம் நான் கத்திய அன்றைக்கு, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்தாரே, அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அடுத்த வருஷம் ஜூனியர் அணி போட்டிக்குப் போனது. என்னோடு முகாமில் இருந்த பெண்கள் நாலைந்து பேர் அதில் இருந்தார்கள். விடுதி சாப்பாட்டுக்கூடத்தில் ஒருத்தியின் செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பெனால்டி கார்னர் கிடைக்கும்போதெல்லாம் கூட்டம் செல்போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது. வீசியவள் நல்ல ஆட்டக்காரிதான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பந்து தடுப்பில் பட்டுத் திரும்பியபோது எனக்கு வயிறு எரிந்தது. கோலானபோதும் எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஈப்போ மாமா போன் செய்தார். அங்கே ஒரு பயிற்சியாளரிடம் நான் ஆடும் வீடியோவைக் காட்டியிருக்கிறார். அந்தப் பயிற்சியாளர் தமிழர். என்னோடு வீடியோவில் பேசினார். "பாஸ்போர்ட் நம்மளுதுதானே, பிறந்தது இங்கதானே? ஒரு பேப்பரும் வேணாம். வந்து தேர்வுல ஆடு. எப்ப வர்றே?" என்றார். எப்ப வர்றே என்ற கேள்வியை ஒரு அணியிலிருந்து என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் எதையும் தின்றுகொண்டு பேசவில்லை.

ஒரு வாரம் தூக்கமில்லை. போயிருக்கலாம். போயிருந்தால் இன்றைக்கு என் மார்பில் ஒரு நாட்டின் சின்னம் இருந்திருக்கும். அம்மாகூட, "போறதுன்னா போ, எங்கம்மா சோறு போடும்," என்றாள். நான் மறுத்தேன். தேசபக்தியால் மறுத்தேன் என்று பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டபோது என்னை அறிமுகம் செய்தார்கள். அது பொய். கோபத்தில் மறுத்தேன். அந்தச் சிவப்புப் பாஸ்போர்ட்டுக்காக ஒரு நாடு என்னைத் தள்ளியது, அதே பாஸ்போர்ட்டுக்காக இன்னொரு நாடு அழைத்தது. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்தான் தெரிந்தது. நான் சுவரில் வீசி வீசிப் பழகிய இடம் அரியலூர் என்று அதில் எங்கேயும் அச்சடித்திருக்கவில்லை. என்னை ஓசி என்று சிரித்த மனிதரின் மேஜையில் ஒருநாள் கருநீலப் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் வைக்கவேண்டும், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில். எனக்கு வேண்டியது அதுதான்.

இருபத்தொரு வயது ஆனது. கலெக்டர் ஆபீஸ் வழியாகக் கொடுத்த மனுவுக்கு, அதை விட்டுவிட்டு வந்தால் இதைத் தருகிறோம் என்று பதில் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு சென்னை மலேசிய அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தமிழ்தான், அம்மா பேசுகிற அதே ஈப்போத் தமிழ். என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது போல.

"ஏம்மா, எல்லாரும் இத எப்படி வாங்குறதுன்னு வந்து நிக்கிறாங்க. நீ இத விட்டுட்டு இந்தியாப் பக்கம் போறேங்கிற. அங்க ஒன்ன எடுத்துக்குவாங்களா?"

"அங்க போகலீங்க," என்றேன். "அங்கயேதான் இருக்கேன்."

அவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். போட்டேன். சிவப்புப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். அது போனதும் ஓசி கார்டும் செல்லாது, அது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிழைக்கிற சாமான். வெளியே வந்து பெரம்பலூர் வழியாக அரியலூர் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இந்த நாட்டின் காகிதம் வரும்வரை நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை. கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும்?" என்றார். சொன்னேன், டிக்கெட் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முந்திரிக்கொட்டை காயவைத்த சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். "குடுத்துட்டியா?" என்று கேட்டாள்.

"குடுத்துட்டேன்."

தலையாட்டினாள். சாக்கை மடித்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கோலாலம்பூர்ல எறங்குனா பாஸ்போர்ட் பாக்குற எடத்துல இத்தன நாளும் ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிப்போம். நீ சின்னப் புள்ளையில என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு நிப்ப. இனிமே எங்கம்மாவப் பாக்கப் போனா நீ வேற வரிசை, நான் வேற வரிசை."

எனக்கு அது தோன்றவே இல்லை. அம்மா இன்னும் மலேசியப் பிரஜைதான். இவ்வளவு வருஷம் இங்கே இருந்தும் அவள் அதை விடவில்லை, விடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை, அவளுக்குத்தான் ஆடுவதற்கு ஒன்றும் இல்லையே. பெரியப்பா கூடத்தில் இருந்தபடியே, "அப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல?" என்று குரல் கொடுத்தார். அம்மா மடித்த சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

இப்போது இந்தியக் காகிதமும் வந்துவிட்டது, பெரம்பலூரில் ஒரு அணியோடு தினமும் ஆடுகிறேன். ஜூனியர் வயது போய்விட்டது, இனி சீனியர் அணிதான், அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். தயிர்சாதம் சாப்பிட்ட மனிதருக்கு என்னைத் திருப்பி அனுப்ப ஒரே வார்த்தை போதுமாக இருந்தது. அந்த வார்த்தையை அவரிடமிருந்து பிடுங்க நான் என் அம்மாவின் பக்கத்திலிருந்து வேறு வரிசைக்குப் போகவேண்டியிருந்தது. இனிமேல் என்னை வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால், நான் வீசும் பந்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.